ஆனி முடிவதற்குள் ஒரு பணிநீக்கம்

ஒருவருடைய வேலையைப் பறிக்க நல்ல நேரம் எது என்று நீங்கள் எப்போதாவது தினசரிக் காலண்டரைப் பார்த்ததுண்டா? கல்யாணத்துக்குப் பார்த்திருப்பீர்கள். வீடு குடிபோக, காது குத்த, புது வண்டியை ஷோரூமிலிருந்து எடுக்கப் பார்த்திருப்பீர்கள். நசரத்பேட்டையைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில், வேதியியல் ஆசிரியர் ஒருவரை வெளியே அனுப்பவும் பார்த்தார்கள். அந்த ஆசிரியரின் பெயர் துலுக்கானம்.

அம்மனின் பெயர்தான். அம்மா கன்னியம்மாள் வயல் கூலியாக இருந்தபோது வேண்டிக்கொண்டு வைத்தது. மகனுக்கு அந்த அம்மன்மேல் நம்பிக்கை இல்லை. அதற்காகப் பெயரை மாற்றிக்கொள்ளவும் இல்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நேர்முகத் தேர்வில் கல்லூரித் தாளாளர் கோவிந்தராஜ், அதாவது கல்லூரியின் முதலாளி, "பேர கெஜட்ல மாத்திக்கலாமே. காலேஜ் வாத்தியாருக்கு எடுப்பா இருக்கும்" என்றார். "பாடம் நடத்த இந்தப் பேரே போதும் சார்" என்றார் துலுக்கானம். வேலை கிடைத்துவிட்டது. முனைவர் பட்டம் வாங்கிய வேறு யாரும் அந்தச் சம்பளத்துக்கு வருவதாக இல்லை.

திருநின்றவூரில் வாடகை வீடு. மனைவி ரேகா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர். காலையில் இருவரும் ஒரே மின்சார ரயிலில் ஏறுவார்கள். ஆவடியில் துலுக்கானம் இறங்கி பூந்தமல்லி பஸ் பிடிப்பார். ரேகா அம்பத்தூருக்குப் போவார். இதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. லட்சம் பேர் இப்படித்தான் போய் வருகிறார்கள்.

அவருடைய ஆய்வகத்தில் மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. வேதியியல் படித்தவர்களுக்குத் தெரியும்: கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் திரவத்தை விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி அளவை எழுத வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர்கள் சோதனையை ஒப்புக்குச் செய்துவிட்டு, போன வருட ரெக்கார்டு நோட்டிலிருந்து அளவை எடுத்து எழுதிக்கொள்வார்கள். வாத்தியாரும் டிக் அடிப்பார். துலுக்கானம் அடிக்க மாட்டார். வந்த அளவை எழுது, வரவேண்டிய அளவை எழுதாதே என்பார். தப்பான அளவை உண்மையாக எழுதியவனுக்குப் பத்துக்கு ஏழு, சரியான அளவைப் பார்த்து எழுதியவனுக்குப் பூஜ்யம். மாணவர்கள் அவரைத் திட்டினார்கள். சிலருக்குத்தான் பிற்பாடு புரிந்தது.

2023 பிப்ரவரியில் கல்லூரி வளாகத்துக்குள் தாளாளர் கட்டிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. மூன்று நாட்கள் வகுப்பு இல்லை. மாணவர்கள் பந்தலுக்குச் சவுக்குக் கம்பு தூக்கினார்கள், மாணவிகள் கோலம் போட்டார்கள், சாப்பாடு பரிமாறினார்கள். கட்டணம் கட்டிப் படிக்க வந்த பிள்ளைகளைக் கூலி இல்லாத ஆட்களாக்குவதற்கு நம் ஊரில் பக்தி என்று பெயர். நான்காம் நாள் ஒரு சுற்றறிக்கை வந்தது: அந்த மூன்று நாட்களுக்கும் வகுப்பு நடந்ததாகப் பாடத் தலைப்புகளை எழுதி, வருகைப் பதிவேட்டை நிரப்ப வேண்டும். அறுபத்திரண்டு ஆசிரியர்களில் அறுபத்தொரு பேர் நிரப்பினார்கள். துலுக்கானம் தன் பதிவேட்டில், "வகுப்பு நடைபெறவில்லை. மாணவர்கள் கோயில் பணிக்கு அனுப்பப்பட்டனர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது வீரம் என்று அவர் நினைக்கவில்லை. நடந்ததை எழுதினார், அவ்வளவுதான்.

பல்கலைக்கழக ஆய்வுக்குழு வரும் நேரம். தாளாளர் கூப்பிட்டு வேறு பதிவேடு எழுதச் சொன்னார். முடியாது சார் என்று சொல்லிவிட்டு துலுக்கானம் அடுத்த வகுப்புக்குப் போனார்.

ஏப்ரலில் அவருக்கு மெமோ வந்தது. பதிவேட்டைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஆனந்தன் என்ற மூன்றாம் ஆண்டு மாணவனின் அகமதிப்பெண்ணைப் பதினொன்றிலிருந்து பதினேழாகத் தன்னிச்சையாகத் திருத்தினார் என்பது குற்றச்சாட்டு. கூடவே தற்காலிகப் பணிநீக்கம்.

நடந்தது இது. ஆனந்தன் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே படித்தவன். ஒரு தேர்வைத் தவறவிட்டான். துறைத்தலைவர் உத்தமன் அனுமதித்ததன்பேரில் மறுதேர்வு எழுதினான். அந்த மதிப்பெண்ணைச் சேர்த்தால் பதினேழு. திருத்தத்துக்குப் பக்கத்தில் துறைத்தலைவர் சுருக்கொப்பம் போட வேண்டும். துறையின் வழக்கம் அது. அன்று உத்தமன் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போயிருந்தார். துலுக்கானம் போன் செய்து கேட்டார். நீங்க போட்டு அனுப்புங்க, வந்து சைன் பண்றேன் என்றார் உத்தமன். மதிப்பெண் பட்டியல் அன்று சாயங்காலமே ஆபீசுக்குப் போய்விட்டது. சுருக்கொப்பம் விழவே இல்லை.

ஒரு ஆசிரியரைக் குடிகாரன் என்று சொல்லுங்கள், கோபக்காரன் என்று சொல்லுங்கள், அவர் தாங்கிக்கொள்வார். மார்க்கைத் திருத்துகிறவன் என்று சொன்னால், அவர் அதுவரை போட்ட ஒவ்வொரு மார்க்கும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். துலுக்கானம் அந்த மெமோவை ரயிலில் உட்கார்ந்து நான்கு தடவை படித்தார். வேலை போவதைவிட அந்த ஒரு வாக்கியம்தான் அவரை உறுத்தியது.

ஜூனில் விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி, தாளாளரின் சொந்த வழக்குகளைப் பார்க்கும் வக்கீலின் கூட்டாளி. துணைக்கு ஒரு சக ஆசிரியரை அழைத்துவரலாம் என்று நோட்டீசில் எழுதியிருந்தது. துலுக்கானம் ஒன்பது பேரைக் கேட்டார். ஒருவருக்கு மகளின் கல்யாணம், ஒருவருக்கு முதுகு வலி, மற்றவர்களுக்குக் காரணம்கூட இல்லை. தனியாகப் போனார். மறுதேர்வு விடைத்தாள் துறை அலமாரியில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள் என்றார். அலமாரியைத் திறந்தால் அந்தக் கட்டு மட்டும் இல்லை. ஆனந்தனைச் சாட்சியாகக் கூப்பிடுங்கள் என்றார். தேவையில்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு உத்தமனைக் கூப்பிட்டார்கள்.

உத்தமன் கெட்டவர் அல்ல. முகப்பேரில் புதிதாக பிளாட் வாங்கியிருந்தார், மகன் அதே கல்லூரியில் கட்டணச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தான். போனில் அனுமதி கொடுத்தீர்களா என்று கேட்டதற்கு மேசையைப் பார்த்தபடி, "ஞாபகம் இல்ல சார்" என்றார்.

நாற்பது நிமிடத்தில் விசாரணை முடிந்தது.

ஜூலை பத்தாம் தேதி அறிக்கையின் நகலும் இரண்டாவது நோட்டீசும் வந்தன. குற்றச்சாட்டு நிரூபணமாகிவிட்டது, உங்களை ஏன் பணிநீக்கம் செய்யக்கூடாது என்பதற்குப் பதினைந்து நாட்களுக்குள் பதில் தரவும். அறிக்கையைச் சம்பந்தப்பட்டவரிடம் கொடுத்து, அவர் பதிலைப் படித்து, அதற்குப் பிறகுதான் நிர்வாகம் முடிவெடுக்க வேண்டும். எந்த முதலாளியும் இரக்கப்பட்டுத் தந்த சலுகை அல்ல இது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களும் ஆசிரியர்களும் வழக்காடி வழக்காடி நிலைநிறுத்திய முறை.

துலுக்கானம் பதினொரு பக்கம் பதில் எழுதி, ஜூலை இருபத்தொன்றாம் தேதி பதிவுத் தபாலில் அனுப்பினார். ஆகஸ்ட் கடைசியில் பணிநீக்க உத்தரவு வந்தது. "தங்கள் பதிலைக் கவனமாகப் பரிசீலித்ததில்" என்று தொடங்கியது அது.

அதற்கு நான்கு நாள் கழித்து, கல்லூரி ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் பூபாலன் திருநின்றவூர் ஸ்டேஷன் வாசலில் அவருக்காகக் காத்திருந்தார். தாளாளரிடம் முப்பது வருடம் வேலை பார்த்தவர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"சார், நான் சொல்றேன்னு தப்பா நெனச்சுக்காத. கோர்ட்டு கீர்ட்டுன்னு அலையாத. ஐயா எறங்கி வந்துகினு கீறாரு. நீயா ராஜினாமா குடுத்தா மாதிரி ஒரு லெட்டர் குடு. இந்த ஆர்டர வாபஸ் வாங்கிக்கினு, நன்னடத்தைன்னு போட்டு சர்ட்டிபிகேட் தர்றாராம். வேற காலேஜ்ல சேந்துக்கலாம்."

"மார்க் திருத்தினேன்னு ரெக்கார்ட்ல இருக்குமே பூபாலன்?"

"அது உள்ள கெடக்கும் சார். எவன் பாக்கப்போறான்?"

வீட்டுக்கு வந்து ரேகாவிடம் சொன்னார். ரேகா சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, "நீ திருத்துனியா?" என்றார்.

"இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு நீ எய்திக் குடுக்கணும்? அந்தாளு எய்திக் குடுக்கட்டும்."

அந்த வீட்டில் இதைப் பற்றி நடந்த ஆலோசனை இவ்வளவுதான்.

அம்பத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் வழக்கறிஞர் கிருஷ்ணப்பிரியாவின் அலுவலகம் இருந்தது. முப்பத்தாறு வயது. காகிதங்களைப் படிக்கும்போது யாராவது பேசினால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். எல்லாவற்றையும் படித்துவிட்டு, விசாரணை மோசம், ஆனால் மோசமான விசாரணைகளை நீதிமன்றம் தினமும் நூறு பார்க்கிறது என்றார். தனியார் கல்லூரி ஆசிரியரை நீக்க அரசின் உயர்கல்வி அதிகாரியிடம் முன் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் கேட்டுக் கல்லூரி அனுப்பிய கோப்பு அந்த அலுவலகத்தில் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் அதன் நகலைக் கேளுங்கள் என்றார்.

நகல் வர மூன்று மாதம் ஆனது. முப்பத்தேழு பக்கம். இருபத்தொன்பதாம் பக்கத்தில் நிர்வாகக் குழுவின் தீர்மானம் இருந்தது. கிருஷ்ணப்பிரியா அதைப் படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

அந்தக் கல்லூரியில் தாளாளர் நாள் பார்க்காமல் எதையும் செய்வதில்லை. சேர்க்கை விண்ணப்பம் விற்பது, போர்வெல் போடுவது, ஆள் எடுப்பது எல்லாவற்றுக்கும் காலண்டரைப் பூபாலன் எடுத்துவர வேண்டும். ஆடி மாதத்தில் எந்தப் புதுக் காரியமும் கிடையாது. துலுக்கானத்தின் இடத்துக்குத் தன் உறவினர் ஒருவரை நியமிக்க அவர் முடிவு செய்திருந்தார். ஒருவரை நீக்கினால்தானே இன்னொருவரை நியமிக்க முடியும்? நீக்கத்துக்கு நல்ல நேரம் தேவையில்லை, நியமனத்துக்குத் தேவை. அந்த ஆண்டு ஜூலை பதினேழு ஆடி ஒன்று. பதில் வரும்வரை காத்திருந்தால் ஆடி பிறந்துவிடும். ஆகவே ஜூலை பதினான்காம் தேதியே குழுவைக் கூட்டி, நான்காவது தீர்மானமாக துலுக்கானத்தை நீக்கி, ஐந்தாவது தீர்மானமாக உறவினரை நியமித்துவிட்டார்கள். துலுக்கானம் பதில் எழுத உட்காரவே இல்லை அப்போது. அவர்கள் கொடுத்த பதினைந்து நாளில் நான்கு நாள்தான் போயிருந்தது.

அந்தத் தீர்மானத்தை மறைத்திருக்கலாம், தேதியை மாற்றி வேறொன்று எழுதியிருக்கலாம். நல்ல நேரத்தில் எழுதியதைக் கிழிக்கத் தாளாளருக்கு மனம் வரவில்லை. அப்படியே நகலெடுத்து அரசுக்கு அனுப்பினார்கள். காகிதங்கள் எண்ணிக்கைக்குச் சரியாக இருந்தன, ஒப்புதல் வந்துவிட்டது.

வழக்கு உயர் நீதிமன்றத்தில் இறுதி விசாரணைக்கு வர ஒன்றேகால் ஆண்டு ஆனது. அந்தக் காலத்தில் துலுக்கானம் அம்பத்தூரில் கழிவுநீர் பரிசோதிக்கும் ஒரு சிறு ஆய்வகத்தில் வேலை பார்த்தார். மாதிரியில் வந்த அளவை மாற்றி எழுதச் சொல்லி அங்கேயும் ஒரு வாடிக்கையாளர் கேட்டார் என்று ரேகா சொல்லிச் சிரிப்பார். அவர் மாற்றவில்லை. ஆய்வக முதலாளி நல்லவர், வாடிக்கையாளரைத்தான் மாற்றிக்கொண்டார்.

விசாரணை நாளன்று கல்லூரியின் வழக்கறிஞர் முதலில், இது தனியார் கல்லூரி, ரிட் மனு செல்லாது, மேல்முறையீட்டுக்கு வேறு இடம் இருக்கிறது என்றார். கிருஷ்ணப்பிரியா இருபத்தொன்பதாம் பக்கத்தைக் காட்டினார். பதில் தரச் சொல்லிவிட்டு, அது வருவதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டார்கள் என்றார். எதிர்த்தரப்பு அதற்கும் தயாராக வந்திருந்தது. தேதி தட்டச்சுப் பிழை, ஆகஸ்ட் பதினான்கு என்பது ஜூலை பதினான்கு என்று விழுந்துவிட்டது என்றார்கள். நியாயமாகத்தான் தோன்றியது. தட்டச்சுப் பிழை யாருக்கும் வரும்.

அப்போது கிருஷ்ணப்பிரியா தீர்மானத்தின் முதல் வரியைப் படித்தார். அந்தக் கல்லூரியின் தீர்மானப் புத்தகத்தில் ஒவ்வொரு கூட்டமும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: "சோபகிருது வருடம் ஆனி மாதம் 29ஆம் நாள் வெள்ளிக்கிழமை, துவாதசி திதி, ரோகிணி நட்சத்திரம் கூடிய சுபதினத்தில் காலை 9.15 மணிக்கு மேல் 10.15 மணிக்குள்..." ஆகஸ்ட் பதினான்கு திங்கட்கிழமை. அன்று ஆனியும் இல்லை, துவாதசியும் இல்லை, ரோகிணியும் இல்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "மாதம் தவறலாம். கிழமை, திதி, நட்சத்திரம் எல்லாம் சேர்ந்தா தவறும்?"

திதியை நம்பாத ஒருவருக்காக திதி சாட்சி சொல்லிவிட்டது. வானத்தில் நிலவு எங்கே இருந்தது என்பதைக் குறிப்பதற்கு மட்டும் அந்தக் கணக்கு பயன்படும் என்று துலுக்கானம் எப்போதும் சொல்லிவந்தார். அன்று அதற்குத்தான் பயன்பட்டது.

பணிநீக்கம் ரத்து. மீண்டும் வேலை. தீர்ப்பின் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது: குற்றச்சாட்டின் உண்மைக்குள் நீதிமன்றம் போகவில்லை, விரும்பினால் கல்லூரி வேறொரு விசாரணை அதிகாரியை வைத்துப் புதிதாக விசாரிக்கலாம். சட்டத்தில் இது வழக்கம். முறை தவறினால் முறையைச் சரி செய் என்பார்கள். உண்மையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேலையில் மறுபடி சேர்ந்த அன்று பூபாலன் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் முடிஞ்சிச்சு சார். ஐயா இனிமே ஒண்ணும் விசாரிக்கப் போறதில்ல. நீயும் கம்முனு வேலையப் பாரு" என்றார்.

துலுக்கானம் அன்று மதியமே கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினார். என்மேல் உள்ள குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது. தயவுசெய்து என்னை விசாரியுங்கள்.

கிருஷ்ணப்பிரியா போனில் கோபப்பட்டார். "ஜெயிச்சுட்டீங்க சார். கதவை நீங்களே போய் எதுக்குத் தட்டறீங்க?" தோற்றால் மறுபடி வேலை போகும் என்பதையும் சொன்னார். துலுக்கானம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தேதி தப்பு என்றுதான் மேடம் நான் ஜெயித்தேன், மார்க்கைத் திருத்தவில்லை என்று ஜெயிக்கவில்லை என்றார். ஆய்வகத்தில் மாணவனிடம் வந்த அளவை எழுது என்று சொல்லும்போது, அவன் மனதுக்குள் நீ திருத்தினவன்தானே என்று நினைத்தால் நான் என்ன செய்வேன் என்றும் கேட்டார்.

கல்லூரி பதில் போடவில்லை. அவர் இன்னொரு கடிதம் எழுதினார், பிறகு மூன்றாவது. குற்றம் சாட்டியவர்கள் விசாரிக்க மறுப்பதும், குற்றம் சாட்டப்பட்டவர் விசாரிக்கச் சொல்லி அலைவதும் அந்தக் கல்லூரிக்குப் புதிது. ஆசிரியர் அறையில் கேலி நடந்தது. "இன்னா மாமே, மெமோ கேட்டு வாங்கற மொத ஆளு நீதான்" என்றார் ஒருவர். கடைசியில், நீதிமன்ற அவமதிப்பு என்று ஏதாவது வந்துவிடுமோ என்ற பயத்தில், ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவரை விசாரணைக்கு வைத்தார்கள்.

இந்த முறையும் துலுக்கானம் தனியாகத்தான் போனார். யாரையும் துணைக்குக் கேட்கவில்லை. உத்தமனைச் சாட்சியாகக் கூப்பிட்டபோது துலுக்கானம் அவர் முகத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

உத்தமன் உட்கார்ந்தார். போனில் அனுமதி கொடுத்தீர்களா என்ற அதே கேள்வி. மகன் படிப்பை முடித்துவிட்டான். அதனால் தைரியம் வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் பிளாட்டின் தவணை அப்படியேதான் இருந்தது, தாளாளர் பக்கத்து அறையில்தான் இருந்தார்.

"கேட்டாரு. போட்டு அனுப்புங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றார் உத்தமன். "பையன் மறுதேர்வு எழுதினான். பேப்பர நான் பாத்தேன். போன தடவ சொல்லல. பயந்துட்டேன்."

ஓய்வுபெற்ற நீதிபதி அதை எழுதிக்கொண்டு, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார். உத்தமன் இல்லை என்று தலையசைத்தார்.

குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று அறிக்கை வந்தது. அன்று மாலை பூந்தமல்லிக்குப் போகும் பஸ்ஸில் உத்தமனும் துலுக்கானமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். உத்தமன் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். துலுக்கானம் வேறு பேச்சை எடுத்தார். கோபம் போய்விட்டதா என்று ரேகா இரவுச் சாப்பாட்டில் கேட்டதற்கு, இல்லை, ஆனால் அந்தாள் பயத்தோடேதான் உண்மையைச் சொன்னார் என்றார்.

இரண்டரை ஆண்டுகள். ஒரு ஆசிரியர் தான் நேர்மையானவர் என்று சொல்ல உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. உத்தமன் சொன்ன ஆறு சிறு வாக்கியங்களுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. தாளாளர்கள் அப்படித்தான் இருப்பார்கள். அவர்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் இருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்த வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஞாபகம் இல்லை என்று சொல்கிறவரைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லை. அங்கே நீங்களும் நானும்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

உங்கள் கல்லூரியில், பள்ளியில், அலுவலகத்தில் யாருக்காவது மெமோ வந்திருக்கிறதா? அவரிடம் போங்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். உங்களுக்கு நேரில் தெரிந்தது ஏதாவது இருந்தால், ஒரு வரியானாலும் சரி, அதை ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, இன்றைக்கே அவர் கையில் கொடுங்கள்.